அந்த ஒரு புள்ளைக்காகவா?

"கேட்டுப் பாருங்க மேடம்" என்று அலைபேசியை என் காதருகே நீட்டினாள். இளங்கலைத் தமிழ் படிக்கும் மாணவி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். முதலில் விசைத்தறியின் சத்தம் கேட்டது. அதற்கு மேலே ஒரு பெண்ணின் குரல் உரக்க எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு போனது. "கருப்பொருள்... உரி... உரிப்பொருள்..." நடுவில் நின்றது. "இது என்ன எழுத்துன்னே தெரியல கண்ணு, உட்டுப்போட்டு அடுத்த வரிக்குப் போறேன்" என்றது. மறுபடி தறிச் சத்தம். மறுபடி குரல்.

அந்தப் புரியாத எழுத்து என்னுடையது. 2020இல் கொரோனா ஊரடங்கில் வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, என் பழைய குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாக அலைபேசியில் படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கல்லூரி திறந்த பிறகும் அதே கோப்பைத்தான் ஆண்டுதோறும் அனுப்பிக்கொண்டிருந்தேன். கண்பார்வை உள்ளவர்கள் முணுமுணுத்துக்கொண்டே படித்து முடித்தார்கள். அவளுடைய அலைபேசியில் எழுத்தை ஒலியாக்கிச் சொல்லும் திரைவாசிப்பான் இருக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்தால் அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதைப் பொறுத்தவரை 32 பக்கமும் வெறும் படம்.

ஆகவே அவள் பிரின்ட் எடுத்தாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் 1000 ரூபாயில் ஒரு பகுதி அதற்கே போனது. பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோனில் வேலை பார்க்கும் அம்மா அந்தத் தாள்களை ராத்திரி ஷிப்டுக்குக் கொண்டுபோவார். நூல் அறுந்தால் எழுந்து போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து படித்துப் பதிவு செய்வார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பெற்றோர் கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "நான் படிக்கிறது தப்பும் தவறுமா இருக்குமுங்க மேடம். புள்ளைக்கு மார்க்கு கொறைஞ்சா எம்மேலதானுங்க தப்பு. மன்னிச்சுக்கோங்க."

என் சோம்பலுக்காக அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த மன்னிப்புதான்.

*

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எல்லோரும் படிக்கக்கூடிய வடிவில் பாடப்பொருளைத் தராத கல்லூரி, அந்த வேலையைச் சும்மா விட்டுவிடுவதில்லை. அதை ஒரு பெண்ணின் தலையில் இறக்கிவைக்கிறது. அம்மா, தங்கை, விடுதி அறைத்தோழி என்று யாரோ ஒருத்தி உட்கார்ந்து படித்துக் காட்டுகிறாள். அதற்குக் கூலி கிடையாது. கணக்கு கிடையாது. பாசம் என்று பெயர் வைத்துவிட்டால் வேறு எதுவும் தர வேண்டியதில்லை. சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் முதியோரைப் பார்த்துக்கொள்வதற்கும் எந்தப் பெயரைச் சொல்லி நம்மிடம் வேலை வாங்கினார்களோ, அதே பெயர்தான் இது.

அந்த வீட்டில் அம்மாவுக்கு முடியாத நாட்களில் தங்கை படித்துக் காட்டினாள். தங்கை அப்போது பிளஸ் டூ. அக்காவின் செமஸ்டர் தேர்வும் தங்கையின் பொதுத்தேர்வுத் தயாரிப்பும் ஒன்றாக வந்த மாதங்களில் யாருடைய புத்தகத்தை முதலில் திறப்பது என்று அந்த வீட்டில் சண்டை நடந்திருக்கிறது. ஒரு மகளின் பட்டத்தை இன்னொரு மகளின் மதிப்பெண்ணிலிருந்து எடுத்துக்கொண்டோம். எடுத்தவர்கள் நாங்கள், பேராசிரியர்கள். எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

வெற்றிக் கதைகளிலும் இதே குரல் பின்னணியில் ஓடுகிறது. பார்வையற்ற மதுரை பூர்ண சுந்தரி 2019ஆம் ஆண்டுக் குடிமைப்பணித் தேர்வில் அகில இந்திய அளவில் 286ஆம் இடம் பிடித்தார். பெற்றோர் புத்தகங்களை வாசித்துக் காட்டியதைச் செய்தித்தாள்கள் நெகிழ்ந்து எழுதின. நெகிழ வேண்டியதுதான். ஆனால் அந்தப் புத்தகங்கள் அவரே படிக்கும் வடிவில் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி அந்த நெகிழ்ச்சியில் கரைந்துபோனது. ஹெலன் கெல்லர் 1904இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றபோது, வகுப்பில் பேசப்பட்டதையெல்லாம் அவர் உள்ளங்கையில் எழுத்தெழுத்தாக உணர்த்தியவர் ஆன் சலிவன். சலிவனுக்கே பார்வைக் குறைபாடு இருந்தது. வகுப்பு முழுக்க உடன் உட்கார்ந்திருந்த அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. நூற்றிருபது ஆண்டுகள் கழித்தும், கையில் பேசும் கருவியை வைத்துக்கொண்டு, பல்லடத்தில் ஓர் அம்மா தறிச் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்திப் படிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படித்துக் காட்ட ஆள் தேவைப்படும் பெண்ணுக்கு ரகசியம் என்று ஒன்று இல்லை. கல்லூரி அனுப்பும் சுற்றறிக்கை, மதிப்பெண், கட்டணப் பாக்கி, பாலியல் புகார்க் குழுவின் அறிவிப்பு எல்லாமே படமாக வந்தால், இன்னொருவர் கண் வழியாகத்தான் அவளிடம் வந்து சேரும். தனக்கு நடந்ததைப் புகார் செய்ய வேண்டிய படிவத்தையே யாரோ ஒருவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டும். அந்த ஆள் நல்லவராக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளலாம். அது ஒரு கல்லூரி தரும் பாதுகாப்பு ஆகாது.

*

எங்கள் துறைக் கூட்டத்தில், இனிப் பாடக்குறிப்புகளைத் தட்டச்சு செய்தே தர வேண்டும் என்று பேசினேன். ஒருவர் கேட்டார்: "அந்த ஒரு புள்ளைக்காகவா?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நியாயமான சந்தேகம்போலவே கேட்டார்.

இந்தக் கேள்வி நமக்குப் பழக்கமானது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்கள் மட்டுமே படித்துக்கொண்டிருந்த காலத்தில் முத்துலட்சுமி சேர வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் இடம் கொடுத்தார். அந்த ஒரு புள்ளைதான் 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, பிறகு சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராக நின்றது. ஒருத்தியாக உள்ளே வந்தவர்களால்தான் இன்று நாம் வகுப்பு நிறைய உட்கார்ந்திருக்கிறோம்.

ஏன் ஒருத்திதான் வருகிறாள் என்றும் கேட்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம். எழுத்தறிவு பெற்றவர்கள் ஆண்களில் 62 சதவீதம், பெண்களில் 45 சதவீதம். இந்தப் பதினேழு சதவீத இடைவெளி ஊனத்தால் வந்ததில்லை, பெண்ணாய்ப் பிறந்ததால் வந்தது. பையனுக்கு எப்படியாவது படிப்பு, பெண்ணை எதற்கு வெளியே அனுப்ப வேண்டும் என்ற கணக்கு அது. பள்ளியிலேயே பாதிப் பேரைத் தடுத்து, மீதிப் பேரில் பலரைப் பேருந்திலும் விடுதியிலும் தடுத்து, எல்லாவற்றையும் தாண்டி வந்து நிற்பவளைப் பார்த்து ஒரே ஒருத்திதானே என்கிறோம்.

சட்டமும் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல சட்டம். 32ஆம் பிரிவு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. மின்னணு வடிவில் வருவது உட்பட எல்லா உள்ளடக்கமும் அணுகக்கூடிய வடிவில் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 42ஆம் பிரிவு. ஆனால் புத்தகங்களையும் கற்றல் பொருட்களையும் துணைக்கருவிகளையும் இலவசமாகத் தரச் சொல்லும் 17ஆம் பிரிவு, 18 வயது வரை என்று கோடு கிழித்துவிடுகிறது. 18 வயதில்தான் ஒரு பெண் கல்லூரி வாசலில் வந்து நிற்கிறாள். இடம் உண்டு, புத்தகத்தை நீயே பார்த்துக்கொள் என்று சொல்வதுபோல இருக்கிறது.

நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. இச்சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளில் 15ஆம் விதி, அணுகல் தரங்களைக் கட்டாயமாக்காமல் வெறும் பரிந்துரையாக வைத்திருந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அது சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. பிரக்யா ஆசிட் வீச்சிலிருந்து மீண்டவர். வங்கிக் கணக்கு திறக்கப் போனபோது, கேமரா முன் கண்ணை இமைத்துக் காட்டச் சொன்னார்கள். அவரால் இமைக்க முடியாது. ஒரு வன்முறை அவர் முகத்தைச் சிதைத்தது, இன்னொரு இயந்திரம் அந்த முகத்தைச் செல்லாது என்றது. ஊனமும் பெண்ணியமும் வேறு வேறு தலைப்புகள் என்று நினைக்கும் தோழிகள் இந்த வழக்கை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

*

இனி என் சொந்த வீட்டுக்கு வருகிறேன். தமிழ்த்துறைகள் மற்றத் துறைகளைவிடக் கூடுதலாகக் குற்றம் செய்திருக்கின்றன.

2010 ஜூன் 23 முதல் 27 வரை இதே கோவையில், கொடிசியா வளாகத்தில், உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. நான் அப்போது ஆய்வு மாணவி. அவிநாசி சாலையில் நின்ற கூட்டம் இன்னும் கண்ணில் இருக்கிறது. தமிழ் இணைய மாநாடும் அதோடு சேர்ந்தே நடந்தது. அந்த மாநாட்டையொட்டித்தான் தமிழ்நாடு அரசு, கணினித் தமிழுக்கு யுனிகோடை அதிகாரபூர்வத் தரமாக ஏற்று அரசாணை வெளியிட்டது. அதற்குப் பிறகும் எங்களில் பலர் பாமினியிலும் வானவில்லிலுமே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். பழகிய விசைப்பலகை, பழகிய டிடிபி கடை.

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் என்றுதான் தெரியும். உள்ளே கணினி வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளை. அந்தக் கோப்பைத் திரைவாசிப்பானிடம் கொடுத்து எழுத்தெழுத்தாகக் கேட்டால் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று சொல்லும். ஒரு தமிழ் மாணவியின் காதில் நாங்கள் தமிழ் என்ற சொல்லை இப்படித்தான் போடுகிறோம். செம்மொழி என்று மேடையில் தொண்டை கிழியப் பேசிவிட்டு வந்து கொடுக்கும் குறிப்பு இது.

இதிலுள்ள பெரிய வெட்கம் வேறு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகமெங்கும் உள்ள தன்னார்வலர்கள் கையால் தட்டச்சு செய்து, சங்க இலக்கியத்திலிருந்து பாரதி வரை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. யுனிகோடில் இருக்கும் அந்த நூல்களைத் திரைவாசிப்பான் படித்துவிடும். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய கபிலரை அவளால் தனியாகப் படிக்க முடிகிறது. கபிலரைப் பற்றிப் போன வருடம் நான் எழுதிய குறிப்பைப் படிக்க முடியவில்லை.

திரைவாசிப்பானுக்குப் பணம் வேண்டும் என்ற சாக்கும் கிடையாது. என்விடிஏ என்ற மென்பொருளைப் பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006இல் உருவாக்கத் தொடங்கினார்கள். இலவசம். தமிழும் பேசும். ஆண்ட்ராய்டு அலைபேசியில் டாக்பேக் கூடவே வருகிறது. பதிப்புரிமைச் சாக்கும் செல்லாது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக ஒரு நூலை வேறு வடிவுக்கு மாற்றுவதை மீறலாகக் கருதுவதில்லை. அதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா.

நாக் குழு வரும்போது மட்டும் எல்லாம் தயாராகிவிடுகிறது. மதிப்பீட்டுப் படிவத்தில் 7.1.7 என்றொரு எண் இருந்தது. சாய்வுதளம், கழிப்பறை, திரைவாசிப்பு மென்பொருள், பாடநூலின் மென்பிரதி, வாசிப்பாளர், சொல்வதை எழுதுபவர் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் வந்தன. புதிதாகப் பூசிய சாய்வுதளத்தைப் படம் எடுத்து இணைக்கிறோம். மென்பொருளைப் பதிவிறக்கி ஒரு கணினியில் போட்டு அதையும் படம் எடுக்கிறோம். அந்தக் கணினியில் படிக்கத் தகுந்த ஒரு பக்கமாவது நாம் தயாரித்திருக்கிறோமா என்று யாரும் கேட்பதில்லை.

பார்வையற்றவர்களோடு இது முடியவில்லை. காது கேளாத மாணவி ஒருத்தி, நான் போட்டுக் காட்டிய காணொளிக்கு மற்றவர்கள் சிரித்த பிறகு, அவர்களைப் பார்த்து ஒரு நொடி தாமதமாகச் சிரித்தாள். திரையின் கீழே எழுத்துவரி இல்லை. அவள் சிரித்தது மரியாதைக்காக. எழுத்துகள் குழம்பும் வாசிப்புக் குறைபாடு உள்ளவளை நாம் 'மக்கு' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கை நடுங்குபவளிடம் சுட்டியால் மட்டுமே அழுத்தக்கூடிய தேர்வுத் திரையைக் கொடுக்கிறோம்.

*

பங்கிட்டுத்தான் ஆக வேண்டும் என்று வந்தால் ஒருவருக்கும் இல்லை என்று சொல்லும் அதிகாரமும் உலகில் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் வகுப்புரைகளை எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் வைத்திருந்தது. காது கேளாதோருக்கு அவற்றில் முறையான எழுத்துவரி இல்லை என்று புகார் போய், 2016இல் அரசு அதை உறுதிசெய்தது. 2017இல் பல்கலைக்கழகம் 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. பழி யார்மேல் விழுந்தது? கேட்டவர்கள்மேல். உங்களால்தான் எங்களுக்கும் போச்சு என்று. எங்கள் துறையிலும் இதன் சின்ன வடிவத்தைப் பார்த்தேன். "அப்படின்னா நோட்ஸே குடுக்கலீங்க, வகுப்புல கவனிச்சுக்கட்டும்" என்றார் ஒருவர். மறுநாள் வகுப்பில் சிலர் அவளை முறைத்தார்கள். பெண்ணுக்குத் தனிக் கழிப்பறை கேட்டபோதும், மகப்பேறு விடுப்பு கேட்டபோதும் நம்மேல் விழுந்த அதே பார்வை.

ஓர் எதிர்ப்பை மட்டும் நான் மதிக்கிறேன். அது கௌரவ விரிவுரையாளராக இருக்கும் தோழி சொன்னது. "எல்லாத்தையும் திருப்பி டைப் பண்ணணும்னா அது கடைசியில எங்க தலையிலதான் விழும்க்கா." உண்மைதான். நிரந்தரப் பணி இல்லாத பெண்களிடம்தான் இந்த வேலையும் வந்து சேரும். தறிக்குடோன் அம்மாவின் சுமையைக் கௌரவ விரிவுரையாளர் தலைக்கு மாற்றுவது தீர்வே இல்லை. ஆகவே கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். இது கல்லூரியின் வேலை. இதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். பாடப்பொருள் யுனிகோட் எழுத்தில், தலைப்புகள் முறையாகக் குறிக்கப்பட்டு, படங்களுக்கு விளக்கம் எழுதப்பட்டு, காணொளிகளுக்கு எழுத்துவரி சேர்க்கப்பட்டு, செமஸ்டர் தொடங்கும் முன் தயாராக வேண்டும். அவள் வந்து கேட்ட பிறகு யோசிக்கக் கூடாது. கேட்க வைப்பதே அவளைக் கைகட்டி நிற்க வைப்பதுதான்.

நான் செய்தது சின்னக் காரியம். ஒரு கோடை விடுமுறையில் என் குறிப்புகளை அலைபேசியில் பேசியும் தட்டச்சு செய்தும் யுனிகோடுக்கு மாற்றினேன். இதை முன்பே செய்திருக்கலாம் என்பதால் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை. கோப்பை அனுப்பிய அன்று மாலையே அவள் அழைத்தாள். எனக்குப் புரியாத வேகத்தில் திரைவாசிப்பானை ஓடவிட்டு முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாள்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுங்களா? ஐங்குறுநூற்றுல முல்லை பாடினது ஓதலாந்தையார்னு போட்டிருக்கீங்க. பேயனார்தானுங்களே? ஓதலாந்தையார் பாலைங்க. மதுரைத் திட்டத்துல போய்ப் பார்த்துட்டேன்."

பல ஆண்டுகளாக என் குறிப்பில் அந்தப் பிழை கிடந்திருக்கிறது. அம்மாவின் குரல் வழியாகக் கேட்ட காலத்தில், தப்பு எங்கேயாவது பட்டால் அது அம்மா படித்த தப்பு என்றுதான் இருவரும் நினைத்திருப்பார்கள். தானே படிக்கும்போதுதான் ஆசிரியையின் தப்பு ஆசிரியையின் தப்பாகத் தெரிகிறது. நான் கேட்பது இந்த நிலையைத்தான். மாணவி எனக்கு நன்றி சொல்ல வேண்டாம். என்னைத் திருத்தும் அளவுக்கு அவள் கையில் பாடம் இருக்க வேண்டும்.

கடைசியாக, நம் பக்கமும் ஒரு விரல் நீட்டுகிறேன். பெண்ணியத் தொகுப்புகள் எத்தனையோ வந்துவிட்டன. அவற்றில் எத்தனையை ஒரு பார்வையற்ற பெண் கடையிலோ இணையத்திலோ வாங்கித் தானே படிக்க முடியும்? சிறு பதிப்பகங்களுக்குப் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அச்சுக்குப் போகும் யுனிகோட் கோப்பை, கேட்கும் வாசகிக்கு அப்படியே கொடுப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. இந்த நூலின் பதிப்பாளரிடமும் அதைக் கேட்டிருக்கிறேன். நீங்களும் உங்கள் கல்லூரியில், உங்கள் துறையில், உங்கள் நூலகத்தில் கேளுங்கள். அந்த ஒரு புள்ளைக்காகவா என்று கேட்பார்கள்.

ஆமாம், அந்த ஒரு புள்ளைக்காகத்தான் என்று சொல்லுங்கள். அவளுடைய அம்மாவுக்காகவும் தங்கைக்காகவும்கூட. அந்த அம்மா இப்போது ராத்திரி ஷிப்டில் தறி மட்டும் பார்க்கிறார்.